பழைய ஹிமாலயன் 411-ஆ... புது 450-ஆ? உப்புக்காற்று ஊரில் டூரிங் பைக் வாங்குறவங்க போட வேண்டிய கணக்கு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கரைக்கு வந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்களில் இந்த நாட்களில் வலை பின்னுவது, படகைப் பழுது பார்ப்பது, பெயின்ட் அடிப்பது என வேலை இருக்கும். ஆனால் வருமானம் இருக்காது. படகில் போகும் இளைஞர்களுக்கு வருடத்தில் சேர்ந்தாற்போல் நாள் கிடைப்பதும் இந்த நேரத்தில்தான்.

அதனால் "ஒரு தடவையாவது லடாக் போயிட்டு வந்துடணும்" என்ற பேச்சும் இந்த நாட்களில்தான் சூடு பிடிக்கும். பேச்சு நேராக வண்டியில் வந்து நிற்கும். கையில் இருக்கும் பணத்துக்குப் பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ செகண்ட் ஹேண்டில் எடுப்பதா, கடன் போட்டாவது புது ஹிமாலயன் 450-க்குப் போவதா?

இரண்டுமே நம்ம ஊர் வண்டிதான். ராயல் என்ஃபீல்டின் தொழிற்சாலைகள் திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் இருக்கின்றன. இரண்டின் பெயரும் ஹிமாலயன். ஆனால் இன்ஜின், சேஸிஸ், பிரேக், மீட்டர் என ஏறக்குறைய எல்லாமே வேறு. அதனால் 450 என்பது 411-க்கு மேக்கப் போட்ட வண்டி கிடையாது.

411: எந்த வருஷத்து வண்டி என்பதுதான் முதல் கேள்வி

ஹிமாலயன் 2016 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஷோரூம் விலை 1.55 லட்சம் ரூபாய். 411 சி.சி., ஒரு சிலிண்டர், காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின், 5 கியர். சுமார் 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் டார்க். முன்பக்கம் 21 இன்ச், பின்பக்கம் 17 இன்ச் ஸ்போக் வீல். சீட் உயரம் 800 மில்லிமீட்டர்தான் என்பதால் சராசரி உயரம் உள்ளவருக்கும் இரண்டு காலும் தரையில் ஊன்றும். மேடு பள்ளத்தில் கால் ஊன்றிச் சமாளிக்க இது பெரிய உதவி.

'411' என்று மொத்தமாகச் சொன்னாலும் உள்ளுக்குள் பல வண்டிகள் இருக்கின்றன. 2016-இல் வந்தவை கார்புரேட்டர் வண்டிகள். அந்த முதல் வரிசை மீது உரிமையாளர்களிடம் இருந்து நிறையப் புகார்கள் வந்தன. 2017-இல் பி.எஸ்.4 விதிக்காக ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2018-இல் ஏ.பி.எஸ். சேர்ந்தது. 2020-இல் பி.எஸ்.6 ஆனபோது பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் அணைத்துக்கொள்ளும் வசதி வந்தது. 2021-இல் வழி காட்டும் சின்ன டிரிப்பர் மீட்டர். 2023 ஏப்ரலில் பி.எஸ்.6 இரண்டாம் கட்டம். அதே ஆண்டு இறுதியில் 450 வந்ததும் 411-க்கு விடை கொடுத்துவிட்டார்கள்.

ஆக, இன்று 411 வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட் மட்டும்தான் வழி. "கார்புரேட்டர் வண்டிதான், ஆனா விலை கம்மி" என்று யாராவது சொன்னால், லடாக் ஆசை இருப்பவர் யோசிக்கவே வேண்டாம். உயரம் போகப் போகக் காற்று மெலியும். கார்புரேட்டர் அதற்கேற்ப பெட்ரோல் அளவைத் தானாகக் குறைக்காது. இன்ஜின் திணறும், புகையும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனில் சென்சாரே காற்றழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலைச் சரிசெய்துகொள்ளும்.

வாங்கப்போகும் வண்டி எந்த விதிக்கு உட்பட்டது, எந்த மாதம் தயாரானது என்பதெல்லாம் ஆர்.சி.யிலேயே இருக்கும். விற்பவர் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். 2019 கடைசியில் தயாராகி 2020-இல் பதிவான பி.எஸ்.4 வண்டியை "2020 மாடல்" என்று சொல்லி விற்பது பழைய வித்தை.

450: என்ன கூடியிருக்கிறது?

2023 நவம்பரில் கோவாவில் நடந்த மோட்டோவெர்ஸ் விழாவில் விலை அறிவித்து இறக்கினார்கள். 452 சி.சி., லிக்விட் கூல்டு இன்ஜின், 6 கியர். 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் டார்க். டேங்க் 15 லிட்டரில் இருந்து 17 லிட்டர் ஆனது. ஆனாலும் எடை கூடவில்லை. பி.எஸ்.6 411-இன் எடை 199 கிலோ, இது 196 கிலோ. முன்பக்கம் ஷோவா நிறுவனத்தின் தலைகீழ் ஃபோர்க். வட்ட வடிவ டி.எஃப்.டி. மீட்டரில் போனை இணைத்தால் கூகுள் மேப்ஸ் முழுசாகத் தெரியும்.

சீட் உயரம் 825 மில்லிமீட்டர். உயரம் குறைவானவர்கள் 805 மில்லிமீட்டர் வரும் தாழ்வான சீட் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 411-இல் கூடவே வந்த சென்டர் ஸ்டாண்டு இதில் தனிக் காசு. செயினுக்கு ஆயில் விடும்போது இதன் அருமை தெரியும்.

24-க்கும் 40-க்கும் ரோட்டில் என்ன வித்தியாசம்?

காரைக்காலைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. டெல்டா முழுக்கச் சமதளம். வாய்க்கால் கரையை ஒட்டி வளைந்து போகும் ரோடு, எதிரே நெல் லாரி, நடுவில் மாடு. இங்கே 24 குதிரையே அதிகம். திருநள்ளாறில் சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் இரண்டு வண்டியும் ஒரே வேகம்தான்.

மலையிலும் 411 ஏமாற்றாது. அதன் 32 நியூட்டன் மீட்டர் டார்க் சுமார் 4,000 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவாக இருந்தாலும் சரி, வால்பாறையின் 40 வளைவாக இருந்தாலும் சரி, இரண்டாவது கியரில் போட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போகலாம். 450-இன் முழு டார்க் 5,500 ஆர்.பி.எம்.மில்தான் வரும். அதில் 90 சதவீதம் 3,000-இலேயே கிடைக்கும் என்கிறது நிறுவனம். ஆனாலும் இன்ஜினைக் கொஞ்சம் சுற்றவிட்டு ஓட்டினால்தான் அந்த வண்டி சிரிக்கும். 411-இல் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் வாரம் இது விசித்திரமாக இருக்கும்.

உண்மையான வித்தியாசம் நான்குவழிச் சாலையில்தான். லடாக் பயணம் என்றதும் எல்லோரும் மலைப்பாதையைத்தான் நினைப்பார்கள். ஆனால் காரைக்காலில் இருந்து லே வரை ஒரு வழிக்கே 3,000 கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும்பகுதி சமதளத்தில், ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று நேர்க்கோட்டில் போகும் நெடுஞ்சாலை. அங்கே 411 மணிக்கு 90 முதல் 100 வரை நிம்மதியாக ஓடும். அதற்கு மேல் போனால் அதிர்வு கூடும், ஓவர்டேக் செய்ய நேரம் எடுக்கும். பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பையும் இருந்தால் இன்னும் கஷ்டம். 450-க்கு 110 என்பது சாதாரணம், முந்திச் செல்ல இன்னும் மிச்சம் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து சராசரி 60 கிலோமீட்டர் என்றால் 2,400 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். சராசரி 70 என்றால் 34 மணி நேரம் கொஞ்சம் கூட. மிச்சம் சுமார் 6 மணி நேரம், அதாவது போகும்போது ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள். தடைக்காலத்துக்குள் போய் வர வேண்டியவருக்கு இது முக்கியம். மணாலி–லே சாலை பனி நீங்கித் திறக்கவே வழக்கமாக மே அல்லது ஜூன் ஆகிவிடும். ஜூன் 14-க்கு முன் திரும்பி வந்து படகைத் தயார் செய்யவும் வேண்டும். மே மாதம் நாக்பூர் பக்கம் வெயிலில் போகும்போது லிக்விட் கூல்டு இன்ஜின் இன்னும் நிதானமாக இருக்கும் (ஓட்டுபவர் எப்படி இருப்பார் என்பது வேறு கதை).

லடாக் எல்லாம் பிறகு பார்க்கலாம், வருஷத்துக்கு இரண்டு தடவை கொடைக்கானலும் வேளாங்கண்ணி–கோடியக்கரை ரோடும் போதும் என்பவருக்கு இந்தக் கூடுதல் 16 குதிரைக்கு வேலையே இல்லை.

பஞ்சர் ஆனால்?

இதைப் பலர் ஷோரூமில் கேட்பதே இல்லை. 411-இல் ஸ்போக் வீல், உள்ளே டியூப். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, டியூபை எடுக்க வேண்டும். 450-யும் முதலில் டியூப் டயரோடுதான் வந்தது. டியூப்லெஸ் ஸ்போக் வீல் 2024-இல்தான் கூடுதல் விலையில் கிடைக்க ஆரம்பித்தது. அது இருந்தால் ஆணி குத்திய இடத்தில் திரி சொருகி, காற்று அடித்து, பத்து நிமிடத்தில் கிளம்பலாம். ஆகவே 450-யே செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் முதலில் வீலைப் பாருங்கள். கலரைப் பிறகு பார்க்கலாம்.

விலை: ஜி.எஸ்.டி. போட்ட கோடு

2025 செப்டம்பர் 22 முதல் பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. மாறியது. 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-ஐத் தாண்டினால் 40 சதவீதம். முன்பு இந்த வண்டிகளுக்கு செஸ் சேர்த்து 31 சதவீதம்தான். 2.69 லட்சத்தில் அறிமுகமான 450, பிறகு 2.85 லட்சத்தில் தொடங்கியது. இந்த வரி மாற்றத்துக்குப் பின் ஷோரூம் விலையே 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பழைய வண்டியை ஒருவரிடம் இருந்து இன்னொருவர் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற செகண்ட் ஹேண்ட் டீலர்கள் தங்கள் லாபத்தொகைக்கு மட்டும் 18 சதவீதம் கட்டுவார்கள். அதனால் புது வண்டிக்கு வரி ஏறியதும் 411-க்குக் கிராக்கி கூடியதில் ஆச்சரியம் இல்லை. அதற்காகக் கேட்ட விலையைக் கொடுத்துவிடக் கூடாது. 2023-இல் புத்தம் புது 411-இன் ஷோரூம் விலையே சுமார் 2.16 லட்சத்தில் இருந்து 2.28 லட்சம் வரைதான். 2020 வண்டிக்கு 2 லட்சம் கேட்டால், டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது டூவீலருக்கு ஆயுள் வரி 12 சதவீதம். 3 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டும் 36 ஆயிரம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இதைவிடக் குறைவு. காரைக்கால் முகவரி உள்ளவருக்கு இது நேர்மையான லாபம். நாகப்பட்டினத்திலோ மயிலாடுதுறையிலோ குடியிருந்துகொண்டு 'பி.ஒய். 02' நம்பர் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அப்போது தமிழ்நாட்டு வரியும் வரும்.

இதே சிக்கல் தலைகீழாகவும் வரும். காரைக்கால்மேட்டுக்காரர் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ 'டி.என்.' நம்பர் 411 வாங்கினால், விற்பவரிடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கித்தரச் சொல்ல வேண்டும். 29, 30 படிவங்களில் கையெழுத்தும் வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் முடிந்ததற்கான சான்று இல்லாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் இரண்டுக்கும் மூன்றாம் நபர் பிரீமியம் ஒன்றுதான். இரண்டுமே 350 சி.சி.க்கு மேல் என்பதால் 2022 கட்டண அட்டவணைப்படி ஆண்டுக்கு 2,804 ரூபாய். புது வண்டிக்கு 5 ஆண்டுக்கும் சேர்த்து முன்பே 15,117 ரூபாய் கட்ட வேண்டியிருப்பதுதான் ஆன்ரோடு விலையில் கண்ணைக் குத்தும்.

காரைக்கால்மேட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் கேள்வி: உப்பு

சேலத்துக்காரர் பழைய வண்டி வாங்குவதும் கடற்கரைக்காரர் பழைய வண்டி வாங்குவதும் ஒன்றல்ல. கடலில் இருந்து சில நூறு மீட்டரில் வீடு இருந்தால், ராத்திரி வெளியே நிற்கும் வண்டி மீது காலையில் கை வைத்தால் பிசுபிசுப்பு ஒட்டும். அது உப்பு.

2020-இல் ராயல் என்ஃபீல்டு, பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா ஆகிய இடங்களில் ஹிமாலயன், இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி மாடல்களில் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு, நாளடைவில் பிரேக் காலிப்பரை அரித்துவிடலாம் என்பதுதான் காரணம். அந்த அழைப்பு இந்தியாவுக்குக் கிடையாது. ரோட்டு உப்பும் கடல் காற்றும் ஒரே அளவு தாக்குவதும் இல்லை. ஆனாலும் உப்பு முதலில் எங்கே கை வைக்கும் என்பதை அது காட்டிக் கொடுத்துவிட்டது.

கடலோர ஊரில் ஓடிய 411-ஐப் பார்க்கப் போகிறவர், டேங்க் பளபளப்பைப் பார்க்காமல் குனிந்து கீழே பார்க்க வேண்டும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் சீக்கிரம் ஆயில் சீல் கிழியும். ஸ்போக் கம்பி ரிம்மில் சேரும் இடத்தில் வெள்ளையும் பச்சையும் பூத்திருக்கிறதா? சைலன்ஸரின் அடிப்பாகம்? பெட்ரோல் மூடியைத் திறந்து போன் டார்ச் அடித்தால் டேங்கின் உள்பக்கத் துரு தெரிந்துவிடும். பின் பிரேக்கை அமுக்கி விட்டதும் சக்கரம் உடனே சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். ஹேண்டில்பாரை மெதுவாக இடம் வலம் திருப்பும்போது நடுவில் தட்டினால் கோன் செட் மாற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீரில் நின்ற வண்டியா என்பதை வயரிங் கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தால் அதுவே சொல்லும். மீன் பெட்டி கட்டிய வண்டி என்றால் பின்பக்க ஃபிரேமை இரண்டு தடவை பாருங்கள். ஐஸ் கரைந்து சொட்டும் தண்ணீரும் உப்புத்தான்.

புது 450 என்றால் இந்த உப்பு வரலாறு இல்லாத வண்டி கிடைக்கும். அதற்காக 450-ஐ உப்பு விட்டுவைக்காது. ரேடியேட்டரும் அதிக எலக்ட்ரானிக்ஸும் இருக்கும் வண்டி என்பதால் கவனிக்க வேண்டிய இடங்கள் கூடுதல். எந்த வண்டியாக இருந்தாலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு ஆயில் விட்டு, கூரைக்குக் கீழே நிறுத்துவதுதான் ஒரே மருந்து.

இ20 பெட்ரோல் பழைய 411-க்கு ஆகுமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது நாடு முழுக்கக் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளில் அதற்கேற்ற ரப்பர், குழாய்கள் இருக்கும். அதற்கு முந்தைய 411-கள் இ20-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் ஊற்றியதும் நின்றுவிடாது. ஆனால் எரிபொருள் குழாய், கேஸ்கெட் போன்றவை முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம். பழைய டூவீலர்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் திட்ட அறிக்கையே சொன்னது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓட்டாமல் அரை டேங்க்கோடு நிறுத்திவைத்தால், டேங்கின் காலி இடத்தில் இருக்கும் ஈரக்காற்றில் இருந்து தண்ணீர் சேரும். வண்டியை நிறுத்திவைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். காரைக்காலில் பெட்ரோல் விலை நாகப்பட்டினத்தைவிடக் குறைவுதான். வாஞ்சூர் எல்லையைத் தாண்டும் முன் டேங்க்கை நிரப்புவது இங்கே எல்லோருக்கும் பழக்கம்தானே.

மெக்கானிக் யார்?

411-இன் இன்ஜின் எளிமையானது. வால்வு இடைவெளியை ஸ்க்ரூவைத் திருகியே சரிசெய்யலாம். டெல்டாவில் புல்லட் பார்க்கும் அனுபவசாலி மெக்கானிக் யாரும் இதைப் பிரித்துப் பூட்டுவார். 450-இல் நான்கு வால்வு, இரண்டு கேம்ஷாஃப்ட், கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் கருவி இல்லாமல் காரணம் தெரியாது. வாங்கும் முன் பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போய், அந்தக் கருவி இருக்கிறதா, இந்த வண்டியில் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வருவது நல்லது.

சரி, எதை எடுக்கலாம்?

நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர், பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர், வாரண்டியோடு நிம்மதி வேண்டும் என்பவர், இவர்களுக்கு 450. அதிலும் டியூப்லெஸ் வீல் உள்ளதாகப் பாருங்கள்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு பயணம், மிச்ச நாளெல்லாம் துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் போய்வரத்தான் வண்டி என்பவருக்கு 411 தாராளம். அதிலும் முதல் தேர்வு 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானது. இ20 கவலை இல்லை. ஆனால் சில மாதங்கள்தான் விற்றது என்பதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடுத்தது 2020 முதல் 2022 வரையிலான பி.எஸ்.6 வண்டிகள். 2018, 2019 ஏ.பி.எஸ். வண்டிகளை விலை நன்றாகக் குறைந்தால் மட்டும் பார்க்கலாம். முடிந்தால் கடலோரப் பதிவு எண் இல்லாத, உள்மாவட்டத்தில் ஓடிய வண்டியாக எடுங்கள். வாங்கும் விலைக்கு மேல் டயர், செயின் செட், கோன் செட், எரிபொருள் குழாய்களுக்கென்று தனியாக ஒரு தொகையை எடுத்து வையுங்கள்.

கடன் போடுகிறவர்களுக்கு ஒன்று. தவணை எல்லா மாதமும் வரும், தடைக்காலத்திலும் வரும். ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவு வரை இரண்டு தவணைக்கான பணத்தை முன்பே ஒதுக்கிவைக்க முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முடியாது என்றால் இந்த வருடம் 411.